நாற்பதுக்கு மேல் ஒரு எம்பிஏ

"மவ பத்தாங்கிளாஸ் படிக்கா. இப்பம் ஒனக்கு எதுக்குல மக்கா படிப்பு?"

என் அண்ணன் மகனைப் பார்த்து அவன் அம்மா கேட்டது இது. அவன் நாகர்கோவிலில் நடுத்தர அளவிலான ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நிர்வாக மேலாளர். வயது நாற்பத்திரண்டு. வேலையை விடாமல் வார இறுதியில் படிக்கிற எக்ஸிக்யூட்டிவ் எம்பிஏவில் சேரலாமா என்று சில மாதங்களாகவே அவனுக்கு யோசனை. மதினியின் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் என்னிடம் வந்து நின்றான்.

மதினியைக் குறை சொல்ல மாட்டேன். படிப்பின் அருமை தெரியாத மாவட்டம் இல்லை இது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது கன்னியாகுமரி மாவட்டம். ஆனால் இங்கே படிப்பு என்றால் இளவயதில் முடித்துவிட்டு ஊரைவிட்டுக் கிளம்புவதற்கான ஏற்பாடு. திருவனந்தபுரமோ, பெங்களூரோ, துபாயோ, எங்கேயாவது போக வேண்டும். வேலை, வீடு, வங்கிக் கடன் எல்லாம் இங்கேயே ஊன்றிய பிறகு, போவதற்காக அல்லாமல், ஊரிலேயே இருப்பதற்காக ஒருவன் படிக்கப்போகிறேன் என்றால் வீட்டில் உள்ளவர்கள் முழிக்கத்தான் செய்வார்கள்.

இத்தனைக்கும் வேலைக்குப் போன பிறகு படித்தவர்களுக்கு நம் ஊரிலேயே பெரிய உதாரணம் உண்டு. இன்றைய இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் மேலகாட்டுவிளைக்காரர். மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவர். 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்து, திட எரிபொருள் ராக்கெட் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகுதான் காரக்பூர் ஐஐடியில் கிரையோஜெனிக் பொறியியலில் எம்.டெக். 1989-ல் முதலிடத்தில் தேறினார். 2001-ல் அங்கேயே முனைவர் பட்டம்.

அவர் எடுத்த பாடத்தைக் கவனிக்க வேண்டும். கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கிற எஞ்சின் அன்று நம்மிடம் கிடையாது. ரஷ்யாவிடம் தொழில்நுட்பம் வாங்கச் செய்த ஒப்பந்தமும் அமெரிக்க நெருக்கடியில் 1993-ல் முறிந்தது. நாமே செய்தாக வேண்டிய நிலை. உள்நாட்டு கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரி 5-ம் தேதி. அதைவிடப் பெரிய சி25 கிரையோஜெனிக் நிலைக்குத் திட்ட இயக்குநர் நாராயணன்தான்; 2017-ல் அதுவும் பறந்தது. பதவி உயர்வுக்கு ஒரு காகிதம் வேண்டும் என்று போயிருந்தால் அவர் வேறு ஏதாவது எளிதான பாடத்தை எடுத்திருக்கலாம். நிறுவனத்துக்கு முன்னால் நின்ற முட்டுக்கட்டை எதுவோ அதையே பாடமாக எடுத்தார்.

அவருக்கு முன்பு அதே நாற்காலியில் இருந்த கே. சிவனும் நம் சரக்கல்விளைக்காரர்தான். 1982-ல் இஸ்ரோவில் சேர்ந்தவர், மும்பை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கியது 2006-ல், ஐம்பதை நெருங்கும்போது. மதினியிடம் இதைச் சொன்னேன். "அது ராக்கெட்டு, இது ஆஸ்பத்திரி" என்றாள். சரியான பதில்தான்.

அதனால் ராக்கெட்டை விட்டுவிட்டு மேலாண்மைக்கு வருவோம். வேலையில் இருப்பவர்களுக்கென்றே எம்பிஏ என்ற ஏற்பாடு 1943-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. போர்க்காலம், ஆலைகள் பெருகின, நடத்தத் தெரிந்த ஆள் போதவில்லை. இருபத்திரண்டு வயதுக்காரனைப் பிடித்து இரண்டு ஆண்டு படிக்க வைக்க நேரம் இல்லை. ஏற்கெனவே ஆலையில் நிற்பவனையே வகுப்புக்கும் கூப்பிட்டார்கள். இந்தியாவிலும் வேலையில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்க 1956-ல் ஹைதராபாத்தில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஸ்டாஃப் காலேஜ் தொடங்கியது, முதல் ஐஐஎம்களுக்கு ஐந்து ஆண்டு முன்னால்.

இன்று கோழிக்கோடு ஐஐஎம் வகுப்பை வீட்டில் இருந்தே நேரலையில் படிக்கலாம். தூரத்தில் இருந்து நேரலையில் படிக்கிற ஏற்பாட்டை 2001-லேயே அவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். திருச்சி ஐஐஎம் வேலையில் இருப்பவர்களுக்குச் சென்னையில் வார இறுதி வகுப்பு நடத்துகிறது. சென்னை என்றால் நமக்கு ராத்திரி ரயில், சுமார் எழுநூறு கிலோமீட்டர். வாராவாரம் என்பது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே குமரிக்காரனுக்குக் கணினித் திரைதான் வகுப்பறை. பெயர்பெற்ற இடங்களில் கட்டணம் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. பெரிய கம்பெனிக்காரனுக்குக் கம்பெனியே ஒரு பங்கு கட்டும். நம் ஊரில் முதலாளி லீவு கொடுத்தாலே பெரிய காரியம்.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐஐஎம்கள் நெடுங்காலம் கொடுத்தது டிப்ளமாதான். பட்டம் கொடுக்கும் உரிமை 2018 ஜனவரி இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் கிடைத்தது. அதே நிறுவனங்களின் பெயரில் சில மாதத் தலைமைப் பயிற்சிகளும் ஆன்லைனில் விற்பனையாகின்றன. அதில் கிடைப்பது சான்றிதழ். அது கெட்டது என்று சொல்லவில்லை. பட்டம் என்று நினைத்துப் பணம் கட்டக் கூடாது.

தலைமைப் பயிற்சி என்பது என்னவோ சிகாகோவில் இருந்து நமக்கு வந்து இறங்கிய சரக்கு என்று நினைப்பவர்களுக்கு மார்த்தாண்டத்தை ஞாபகப்படுத்துவேன். 1920-களில், நாம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், ஒய்.எம்.சி.ஏ. அங்கே ஒரு ஊரக மையம் நடத்தியது. பொறுப்பில் இருந்தவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். தேனீ வளர்ப்பு, நல்ல ஜாதிக் கோழி, முட்டையைக் கூட்டாகச் சேர்த்து விற்பது என்று சின்னச் சின்னக் காரியங்கள். ஏற்கெனவே ஊர்ப்பணியில் இருந்தவர்கள் வெளியூர்களில் இருந்தெல்லாம் வந்து தங்கிப் பயிற்சி எடுத்துப் போனார்கள். முட்டைக்கு ஏன் விலை கிடைக்கவில்லை, யார் யாரைச் சேர்த்தால் கிடைக்கும் என்பதுதான் பாடம். இன்று புவிசார் குறியீடு வாங்கி நிற்கிற மார்த்தாண்டம் தேனுக்குப் பின்னால் அந்த வேலையும் இருக்கிறது.

என் அண்ணன் மகனிடம் நான் கேட்டதும் இதைத்தான். உன் முட்டை எது? ஆஸ்பத்திரியில் உன் தூக்கத்தைக் கெடுக்கிற காரியம் என்ன, ஒரு தாளில் எழுது என்றேன்.

மூன்று எழுதினான். ஒன்று, நர்ஸுகள். இரண்டு வருஷ அனுபவச் சான்றிதழ் கைக்கு வந்ததும் கல்ஃபுக்கு விமானம் ஏறிவிடுகிறார்கள். சம்பளம் கூட்டினாலும் நிற்பதில்லை. இரண்டாவது, காப்பீட்டுப் பணம் வந்து சேர மாதக்கணக்காகிறது; அதற்குள் மருந்துக் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். மூன்றாவது, பஞ்சு வாங்கினாலும் ஸ்கேன் மெஷின் வாங்கினாலும் முதலாளி கையெழுத்து இல்லாமல் நகராது.

முதல் இரண்டுக்கும் வகுப்பில் விஷயம் இருக்கிறது. ஆள் ஏன் போகிறான் என்பதற்கும், கையிருப்புப் பணச் சுழற்சிக்கும் இந்தப் படிப்புகளில் தனித்தனிப் பாடமே உண்டு. அதைவிட, கூடப் படிக்கிறவர்கள். திரையில் பக்கத்துச் சதுரத்தில் ஒரு கப்பல் கம்பெனிக்காரரும் ஒரு வங்கிக்காரரும் இருப்பார்கள். அவர்களுக்கு இவன் 'மேனேஜர் சார்' இல்லை. "நர்ஸ் போவான்னு தெரிஞ்சே எடுக்கிறீங்க, அப்போ ரெண்டு வருஷத்துக்குன்னே ஏன் திட்டம் போடல?" என்று மூஞ்சிக்கு நேரே கேட்பார்கள். அவனைப் பார்த்து எழும்பி நிற்கிற நாகர்கோவில் அலுவலகத்தில் ஒருவரும் இப்படிக் கேட்கப்போவதில்லை. பத்து லட்சத்தில் பாதி இந்தக் கேள்விக்குத்தான் என்பது என் கணக்கு.

மூன்றாவதுக்கு எம்பிஏ எதற்கு? குமரி மாவட்டத்தில் முந்திரி ஆலை, ஜவுளிக்கடை, நகைக்கடை, கல்லூரி, ஆஸ்பத்திரி என்று பலவும் குடும்பச் சொத்து. கல்லாச் சாவியை மடியில் முடிந்துவைத்திருக்கிற முதலாளிக்குக் கீழே எத்தனை பட்டம் வாங்கினாலும் ஐயாயிரம் ரூபாய்க்குக் கையெழுத்துப் போட முடியாது. படித்துவிட்டு வந்தவனுக்கு எரிச்சல்தான் கூடும். ஒரு வருஷத்தில் கொச்சிக்குப் போய்விடுவான். மதினி பயப்படுவது அதற்குத்தான் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. செலவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்படிப்பட்ட படிப்புகளில் சொந்த நிறுவனத்துப் பிரச்சினையை எடுத்துப் புராஜெக்ட் செய்யச் சொல்வது வழக்கம். நர்ஸ் விஷயத்தையே எடு என்றேன். அவன் உடனே கேட்டான்: "சித்தப்பா, அதுக்கு ஆஸ்பத்திரி சம்பளக் கணக்கு, வரவு செலவு எல்லாம் குடுக்கணுமே. முதலாளி சம்மதிப்பாரா?"

"விண்ணப்பம் போடுகதுக்கு முன்னாடி அவருட்ட போய் அதைக் கேளு மக்களே," என்றேன். "முடியாதுன்னா, எதனாலன்னும் கேட்டுட்டு வா."

திங்கட்கிழமை கேட்பதாகச் சொல்லியிருக்கிறான்.