கண்ணில் பட்ட உமி



பெரும்போக அறுவடைக் காலம். எலுவன்குளத்தில் சூடடிக்கும்போது பறக்கிற உமியோ சுணையோ கண்ணில் பட்டால் கசக்கிவிட்டு வேலையைப் பார்க்கிறோம். சில நாளில் கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசும். கறுப்பு விழியில் வெள்ளையாய் ஒரு புள்ளி விழும். உமி கீறிய இடத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கலாம்.

இப்படிக் கண்ணைக் கெடுப்பவற்றில் முக்கியமானது பியூசேரியம். மண்ணிலும் பயிரிலும் வாழ்வது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பிறை வடிவ வித்திகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். மரபணுவை ஆராய்ந்தபோதோ, பியூசேரியம் சொலானி என்ற ஒரே பெயருக்குள் 60 வரையான இனங்கள் இருப்பது தெரியவந்தது.

இந்த வேறுபாடு ஒரு பெரிய கேள்விக்கு விடை தந்திருக்கிறது. 2005, 2006இல் அமெரிக்காவில் கொன்டாக்ட் லென்ஸ் அணிந்த பலருக்குப் பியூசேரியம் புண் வந்தது. லென்ஸ் கழுவும் ஒரு திரவத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. தொழிற்சாலையிலேயே கிருமி கலந்திருந்தால் எல்லோர் கண்ணிலும் ஒரே வம்சம்தான் இருக்கவேண்டும். இருந்ததோ பல வம்சம். கிருமி அவரவர் சூழலிலிருந்தே வந்திருக்கிறது. கொல்லவேண்டிய திரவம் அதைக் கொல்லவில்லை.

எந்தப் பூஞ்சணம் என்று அறிவது சிகிச்சைக்கும் உதவும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை மையமாகக்கொண்டு 323 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2013இல் வெளியானது. நட்டாமைசின், வோரிகொனசோல் என்ற இரு சொட்டு மருந்துகளை ஒப்பிட்டார்கள். பியூசேரியம் புண்ணில் நட்டாமைசின் தெளிவாக முந்தியது; மற்றப் பூஞ்சணங்களில் அவ்வளவு வித்தியாசம் இல்லை.

அதனால்தான் கேட்கிறேன்: பக்கத்து வீட்டில் மிஞ்சிய சொட்டு மருந்தைக் கண்ணில் விடாதீர்கள். வைத்தியர் சொல்லாமல் ஸ்டீரொய்ட் கலந்த மருந்து வாங்காதீர்கள். பூஞ்சணப் புண்ணை அது மோசமாக்கும். தாய்ப்பாலும் இலைச்சாறும் வேண்டாம். சுத்தமான தண்ணீரால் கண்ணைக் கழுவுங்கள். உறுத்தல் மறுநாளும் இருந்தால் கண் வைத்தியரிடம் போய், உமி பட்டதை மறக்காமல் சொல்லுங்கள். புண்ணைச் சுரண்டிப் பரிசோதிக்கவேண்டும் என்றால் பயப்படாமல் சம்மதியுங்கள். கண்ணை மரக்கச்செய்துதான் எடுப்பார்கள்.

கமக்கார அமைப்புக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் வாசித்துக்காட்டினால் எனக்குப் பெரிய சந்தோஷம். சூடடிக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்க அங்கேயே முடிவெடுத்தால் அதைவிடச் சந்தோஷம்.

அன்புடன்,
ஆசிரியர்