படிக்கவொண்ணாத் தாளில் கையொப்பம்

ஆறாண்டுகளாக ஒரே நிறுவனத்தில் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தைத் தவறாது செலுத்திவரும் நீரிழிவுநோயர் ஒருவர் இருக்கின்றார் என்று கொள்க. கட்டணமோ ஆண்டுதோறும் ஏறுகின்றது. மருத்துவமனையில் படுத்தெழுந்தபோது கேட்ட தொகையில் பாதியே கிடைத்தது. உள்ளம் கசந்து வேறு நிறுவனத்தை நாடுகின்றார். முகவர் சில தாள்களை நீட்டுகின்றார். அத்தனையும் ஆங்கிலம். கையொப்பம் இடுகின்றார். பழைய காப்பீட்டின் தொடர்ச்சியாக வந்தாரா, புத்தாளாக வந்தாரா என்பது அக்கையொப்பத்திலேயே முடிந்துவிடுகின்றது. அஃது அவர்க்குத் தெரியாது. காலில் புண் வைத்துப் படுக்கையிற் கிடக்கும்போதுதான் தெரியும்.

இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறிதன்று. முன்பே உள்ள நோய்க்குப் புதுக் காப்பீட்டில் உடனே பணம் கிடைப்பதில்லை. நான்காண்டு வரை இருந்த அக்காத்திருப்பை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் மூன்றாண்டாகக் குறைத்தது. ஆறாண்டு கட்டியவர் அதனை என்றோ கடந்துவிட்டார். கடந்த காலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வேறு நிறுவனத்திற்குச் செல்லும் உரிமை 2011 அக்தோபர் முதல் இந்தியாவில் உண்டு. அதனைப் ‘போர்ட்டபிலிட்டி’ என்கின்றனர்; காப்பு மாற்றுரிமை எனலாமே! அவ்வுரிமைப்படி மாறாமல் புதிதாகச் சேர்ந்தவர்க்குக் காத்திருப்பு முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்கும். அதுமட்டுமன்று. தொடர்ந்து 60 திங்கள் காப்பில் இருந்தவர் நோயை மறைத்தார் என்று கூறி, ஏமாற்று மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, நிறுவனம் பணம் மறுக்கவியலாது. புத்தாளாக நுழைந்தவர் அவ்வரணையும் இழக்கின்றார்.

மாற்றுரிமைக்கும் எல்லை உண்டு. 3 இலக்கம் உருபாவிற்குக் காப்புப் பெற்றிருந்தவர் 10 இலக்கத்திற்கு உயர்த்தி மாறினால், பழைய காத்திருப்பின் பயன் பழைய தொகையளவிற்கே. மிகுதிக்குக் காத்திருந்தே ஆகவேண்டும். புதிய நிறுவனம் வேண்டாம் என்று மறுக்கவும் செய்யலாம். ஆதலின் அதன் இசைவு எழுத்தில் வருமுன் பழையதை விட்டுவிடுதல் பேதைமை. புதுப்பிக்கும் நாளுக்கு ஒன்றரைத் திங்கள் முன்பே விண்ணப்பித்தல் நன்று. பழைய நிறுவனம் 72 மணி நேரத்திற்குள் விவரம் தரவேண்டும் என்றும், அது கிடைத்த 5 நாளுக்குள் புதிய நிறுவனம் முடிவு சொல்லவேண்டும் என்றும் 2024 ஆணை கூறுகின்றது. நீரிழிவை மறைத்தால் கட்டணம் குறையும் என்று காதில் ஓதும் முகவரை வாயிலிலேயே நிறுத்துக!

இவற்றுள் எதனை அந்நீரிழிவுநோயர் அறிந்திருந்தார்? சுவரொட்டி தமிழில் இருந்தது. தொலைக்காட்சியில் தாயும் சேயும் நல்ல தமிழில் சிரித்துப் பேசினர். முகவரும் தமிழில்தான் குழைந்தார். பணம் வாங்கும் வரை தமிழ்; கட்டுப்பாடுகளை எழுதும்போது மட்டும் ஆங்கிலம்! விற்பதற்குப் போதுமான மொழி, விளக்குவதற்கு ஏன் போதாது? ஆங்கிலம் கற்றாரும் அந்நுண்ணெழுத்தில் இடறுகின்றனர். நெசவாளியும் உழவரும் என் செய்வர்?

காப்பீட்டின் இன்றியமையாச் செய்திகளைச் சுருங்கக் கூறும் விளக்கத்தாள் ஒன்றினை ஒவ்வொருவர்க்கும் தரவேண்டும். விரும்பிக் கேட்பின் அவரவர் மொழியிலும் தரவேண்டும் என்னும் ஏற்பாடு 2024 சனவரி முதல் நடப்பிலுள்ளது. ‘கேட்பின்’ என்பதே இங்குள்ள குறை. தமிழ்நாட்டில் தமிழில் தருவது இயல்பாகவும், ஆங்கிலத்தில் வேண்டுவோர் கேட்டுப் பெறுவதாகவும் அன்றோ இருத்தல் வேண்டும்? ஆணையம் அவ்வாறு திருத்தட்டும். அதுவரை கேட்கும் கடமை கட்டணம் செலுத்துவோருடையது. கையொப்பத்திற்கு முன்னரே கேட்கவேண்டும். வாயால் அன்று, எழுத்தால். மாற்றுரிமையின்படி வருகின்றேன், முந்தைய ஆண்டுகளைக் கணக்கிற் கொள்க, விளக்கத்தாளைத் தமிழில் தருக என்று மூன்று வரி எழுதி, அதன் படியொன்றில் நாளிட்ட ஒப்புகை பெற்று வைத்துக்கொள்க. தமிழில் இல்லை என்று முகவர் கைவிரித்தால், அதனையும் எழுதித் தரச் சொல்க.