மிதிவண்டி கொடுத்தால் மட்டும் போதுமா?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பில் சேரும் மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. 2001-ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய இத்திட்டம் பின்னர் எல்லாருக்கும் விரிவாக்கப்பட்டது. இப்போது ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்து லட்சம் மிதிவண்டிகள் பிள்ளைகளின் கைக்குச் செல்கின்றன. நம் மறைமாவட்டங்கள் நடத்தும் பள்ளிகளின் வளாகங்களிலும் ஆண்டில் ஒருநாள் இவை வரிசையாக நிற்பதைக் காண்கிறோம். விருந்தினர் வருகிறார், படம் எடுக்கப்படுகிறது, பிள்ளைகள் வண்டியை உருட்டிக்கொண்டு வாயிலைத் தாண்டுகிறார்கள். அதன்பிறகு அந்த வண்டிகள் என்ன ஆகின்றன?

பல வீடுகளில் அவை நன்றாகவே பயன்படுகின்றன. அதை மறுப்பது நன்றிகெட்ட செயல். ஆனால் சில மாதங்களில் பாதி விலைக்கு விற்கப்படும் வண்டிகளும், காற்று இறங்கிக் கொல்லைப்புறத்தில் துருப்பிடிக்கும் வண்டிகளும் உண்டு என்பது ஊரறிந்த செய்தி. இதற்குப் பெற்றோரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பதினைந்து வயதுவரை மிதிவண்டியைத் தொடாத பிள்ளைக்கு, லாரிகள் விரையும் சாலையில் ஓட்டு என்று திடீரென ஒரு வண்டியைக் கொடுத்தால் அது எப்படி ஓட்டும்?

இங்கே பீகார் மாநிலத்தின் அனுபவம் நம் கவனத்துக்குரியது. 2006-இல் அம்மாநில அரசு ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்கு மிதிவண்டி வாங்க 2,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியரின் எண்ணிக்கை சுமார் 30 விழுக்காடு உயர்ந்ததையும், ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததையும் கண்டார்கள். பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் மிகுதி. தனியாக ஒரு பெண்பிள்ளை சைக்கிளில் போனால் ஊர் பேசும். ஒரே வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாகப் போகும்போது அந்தப் பேச்சு அடங்கிவிடுகிறது. வண்டி எவ்வளவு முக்கியமோ, கூடப் போகும் துணையும் அவ்வளவு முக்கியம் என்று நாம் இதைப் புரிந்துகொள்ளலாம்.

நம் ஊர்களில் ஒருகாலத்தில் இந்தத் துணை இருந்தது. வாடகை சைக்கிள் கடையை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மணிக்கணக்கில் வாடகை, சுவரில் தொங்கும் நோட்டில் பெயரும் நேரமும். கடைக்காரருக்குப் பிள்ளையையும் தெரியும், பிள்ளையின் அப்பாவையும் தெரியும். சின்ன வண்டி கிடைக்காவிட்டால் பெரிய வண்டியின் கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்தே பழகினார்கள். (அந்தப் பெயரிலேயே 2024-இல் ஒரு திரைப்படம் வந்தது.) பிடித்துக்கொள்ள ஓர் அண்ணன், விழுந்து எழ ஒரு வெற்றிடம், மாட்டுவண்டியும் எப்போதாவது ஒரு பேருந்தும் போகிற சாலை. யாரும் திட்டமிடாமலே ஊர் முழுவதும் சேர்ந்து ஒரு பிள்ளைக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது.

இன்று கடை இல்லை. வெற்றிடத்தில் வீடு எழுந்துவிட்டது. சாலையில் எப்போதும் வண்டிகளின் நெரிசல். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. இவர்களில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். எந்தத் தாய்க்குத்தான் பயம் வராது? அதனால் வசதியுள்ளவர்கள் பிள்ளையை வேனில் ஏற்றுகிறார்கள். மற்றவர்கள் ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பிள்ளைகளை உட்கார வைத்துக் கொண்டுவிடுகிறார்கள். பள்ளி வாசலில் காலை எட்டரை மணிக்கு ஏற்படும் நெரிசலே, அடுத்த வீட்டுப் பிள்ளை சைக்கிளில் வர முடியாததற்குக் காரணமாகிவிடுகிறது.

இதன் அடுத்த கட்டம் இன்னும் கவலைக்குரியது. சைக்கிளே ஓட்டாத பையன் ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் நேரே அப்பாவின் ஸ்கூட்டியை எடுத்துக்கொள்கிறான். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும், மாலை நேரத்தில் எந்த ஊர்த் தெருவில் நின்று பார்த்தாலும் காட்சி மாறவில்லை. சட்டம் தடுக்கும், சரி. அதற்கு மாற்றாகப் பிள்ளையின் கையில் நாம் என்ன கொடுக்கிறோம்?

மாற்று வழி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தை நினைத்துப் பார்ப்போம். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்துக்கொண்டார். பாடம் சொல்லித்தரும் பெண்கள் ஊர் ஊராகப் போக வேண்டும் என்பதே முதல் தேவை. வங்கிகள் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கக் கடன் தந்தன. ஒன்றியந்தோறும் தொண்டர்கள் பயிற்சி முகாம் நடத்தினார்கள். ஓட்டத் தெரிந்த பெண் தெரியாத பெண்ணுக்குப் பிடித்துக்கொடுத்தாள். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று எல்லாரும் வந்தார்கள். 1992 மகளிர் நாளில் 1,500-க்கும் அதிகமான பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரை வலம் வந்தார்கள். சில ஆண்டுகளில் ஒரு லட்சம் பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டதாக, அங்கே நேரில் சென்று எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் குறிப்பிடுகிறார். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் வண்டியையே விரும்பி வாங்கினார்களாம். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் அல்லவா!

அங்கே கேலிப் பேச்சு இல்லாமல் இல்லை. ஆனால் ஆட்சியர் அலுவலகம், வங்கி, தொண்டர், ஊர்ப் பெண்கள் என்று பலரும் ஒரே நேரத்தில் கைகோத்ததால், கேலி செய்தவர்கள் சிறுபான்மையாகிப் போனார்கள். ஒரு வீட்டுப் பெண் மட்டும் ஓட்டியிருந்தால் அவள் ஒரு வாரத்தில் நிறுத்தியிருப்பாள்.

இன்னொரு நாட்டின் கதையும் இதனோடு பொருந்துகிறது. சைக்கிள் என்றாலே நெதர்லாந்துதான் என்று இன்று சொல்கிறோம். ஆனால் 1950-க்குப் பின் அங்கும் கார்கள் பெருகி, சைக்கிள் ஒதுங்கத் தொடங்கியிருந்தது. 1971-இல் அச்சிறு நாட்டின் சாலைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அப்படி மகளை இழந்த ஒரு தந்தை விக் லாங்கன்ஹாஃப். கத்தோலிக்கப் பின்னணி கொண்ட ‘டே டைட்’ நாளிதழின் பத்திரிகையாளரான அவர், 1972-இல் தம் இதழிலேயே ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்று எழுதினார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் பிள்ளைகளோடு சாலையில் அமர்ந்தார்கள், தெருக்களை மறித்து விளையாட விட்டார்கள். அரசும் செவிசாய்த்தது. தெருக்களில் வேகம் குறைக்கப்பட்டது, தனிப் பாதைகள் வந்தன. 2010-இல் அங்கே சாலையில் இறந்த குழந்தைகள் 14 பேர்.

பாதை மட்டும் அங்கே வேலை செய்யவில்லை. பதினொன்று, பன்னிரண்டு வயதில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் சாலைத் தேர்வு ஒன்றை எழுதுகிறார்கள். செய்முறைத் தேர்வுக்குத் தம் ஊர்ச் சாலையிலேயே குறிப்பிட்ட வழியில் சைக்கிள் ஓட்ட வேண்டும். திருப்பங்களில் குறிப்பேட்டோடு நிற்பவர்களில் பலர் தன்னார்வலர்கள், பெற்றோர், தாத்தா பாட்டிகள். பிள்ளை திரும்பும்முன் பின்னால் பார்த்ததா, கை காட்டியதா என்று குறித்துக்கொள்கிறார்கள். ஸ்பெயினின் பார்சிலோனாவில் 2021 முதல் வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே கூட்டமாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள். நகரக் காவலர் முன்னும் பின்னும் துணைக்கு வருகிறார்கள்.

நெதர்லாந்தின் தனிப்பாதை நம் ஊருக்கு நாளையே வந்துவிடாது. நான்குவழிச் சாலைக்கு அந்தப்பக்கம் பள்ளியும் இந்தப்பக்கம் ஊரும் இருக்கிற இடங்களில், சுரங்கப்பாதை கேட்டு நெடுஞ்சாலைத் துறைக்கு மனுக் கொடுத்துக்கொண்டே இருக்கத்தான் வேண்டும். ஆனால் திருப்பத்தில் நிற்கும் தாத்தாவுக்கு அரசாணை தேவையில்லை. பிடித்துக்கொடுக்கும் அக்காவுக்கும் தேவையில்லை.

நம் பங்குகளில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். சுற்றுச்சுவரும் வாயிற்கதவும் உள்ள கோயில் மைதானம் இருக்கிறது. இன்று ஒரு பிள்ளை பயமின்றி விழுந்து எழக்கூடிய இடம் பல ஊர்களில் அது ஒன்றுதான். சாதி, மதம் பாராமல் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதைத் திறந்துவிடலாம். இளையோர் இயக்கம் இருக்கிறது. எந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகள், எந்தப் பள்ளிக்கு எத்தனை மணிக்குப் புறப்படுகிறார்கள் என்று அறிந்த அன்பியங்கள் இருக்கின்றன. ஒரே தெருவில் எட்டுப் பிள்ளைகள் இருந்தால் இரண்டு பெரியவர்கள் வாரம் ஒருநாள் அவர்களோடு ஓட்டிப் போகலாம். பங்கில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் ஒருவராவது இருப்பார். பிரேக் கட்டை மாற்றவும், செயின் கழன்றால் போடவும் அவர் ஒரு மாலையில் கற்றுக்கொடுத்துவிடுவார். அவருக்கு அதற்குரிய கூலியைக் கொடுக்க வேண்டும் என்பது நம் கருத்து. தொண்டு என்று சொல்லி ஏழையின் உழைப்பை இலவசமாக வாங்குவது சரியன்று. பள்ளித் தலைமையாசிரியரும் காவல் நிலையமும் சம்மதித்தால், காலையில் அரைமணி நேரம் பள்ளி வாசலுக்கு முன் மோட்டார் வண்டிகளை நிறுத்தாமல் இருக்கச் செய்யலாம்.

வண்டிக்கும் பஞ்சமில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியூர்க் கல்லூரிக்குப் போன பிள்ளைகளின் விலையில்லா மிதிவண்டிகள் எத்தனையோ வீடுகளில் சும்மா நிற்கின்றன. இருக்கையைத் தாழ்த்தி, டியூப் மாற்றினால் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆகும். சிறியவர்களுக்கான வண்டி நான்கைந்து வாங்கி வைத்தால், நோட்டில் பெயர் எழுதி மணிக்கணக்கில் கொடுக்கலாம், பழைய கடைக்காரர் செய்ததைப் போல.

மே மாதத்தில் பல பங்குகளில் விடுமுறை விவிலியப் பள்ளி நடக்கிறது. பிள்ளைகள் வருகிறார்கள், கற்றுக்கொடுக்கும் இளையோர் இருக்கிறார்கள், பெற்றோரும் அழைத்துப் போக வாசலில் நிற்கிறார்கள். பெரும்பாலும் நண்பகலோடு வகுப்பு முடிந்துவிடுகிறது. வெயில் தாழ்ந்த பிறகு மைதானம் காலியாகவே இருக்கிறது. பள்ளி திறக்க ஜூன் வரை நேரமிருக்கிறது.