மஞ்சள் பெருக்கல் குறி

2010 அக்டோபர். அமெரிக்காவில், டெக்ஸாஸின் தென்கோடியில் ஒரு சின்ன விமான நிலையம். ஓடுபாதையில் பெரிசாக மஞ்சள் பெருக்கல் குறி. 'மூடியாச்சு, இறங்காதே' என்று அர்த்தம். பாதையில் ஆட்கள், வண்டிகள். சொந்த செஸ்னாவை ஓட்டி வந்த செனட்டர் ஜிம் இன்ஹோஃப் அவர்களைத் தாண்டி அதே பாதையில் இறங்கினார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

பாதை மூடல் பற்றி 'நோட்டாம்' என்கிற அறிவிப்பு வந்திருந்தது. மனிதர் பார்க்கவில்லை. சின்ன நிலையங்களுக்கெல்லாம் அதைப் பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்றார். லைசென்ஸைப் பிடுங்காமல் மறுபயிற்சியோடு விட்டார்கள். 2012-ல் அவர் முயற்சியில் 'விமானிகள் உரிமை'க்கே சட்டம் வந்தது! நோட்டாமைச் சீர்திருத்தவும் அது சொன்னது.

சிரிக்காதீர்கள், அவர் பக்கமும் பாதி நியாயம் உண்டு. டெலிபிரிண்டர் காலத்துச் சுருக்கெழுத்தில், தேவையானதும் தேவையில்லாததும் கலந்து கொட்டினால் யார் படிப்பது? 2017-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஓர் ஓடுபாதை மூடல் பற்றிய வரி, 27 பக்கக் கட்டில் 8-ம் பக்கத்தில் கிடந்தது. விமானிகள் மனதில் அது நிற்கவில்லை. நான்கு விமானங்கள் காத்து நின்ற பக்கப்பாதையை ஓடுபாதை என்று நினைத்து இறங்கப் போய், கடைசி நொடியில் மேலேறினார்கள். நோட்டாம்கள் வெறும் குப்பை என்று விசாரணை வாரியத் தலைவரே 2018-ல் சாடினார்.

குப்பைதான். அதற்காகக் கிளறாமல் பறக்கலாமா? ஓடுபாதையில் வேலை செய்கிறவனுக்கு, 'ஐயா வருகிறார், ஒதுங்கு' என்று யாரும் நோட்டாம் அனுப்புவதில்லை.