ஒரே நகரம், இரண்டு பள்ளிக்கூடம்!

அமெரிக்காவில் பிள்ளை குட்டியோடு வீடு தேடுகிறவன் முதலில் விசாரிப்பது, அந்தப் புறநகரில் சர்க்கார் பள்ளிக்கூடம் எப்படி என்றுதான். எந்தப் பள்ளியில் எத்தனை மார்க் என்று பட்டியல் போட்டுக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். "நல்ல பள்ளி வேண்டுமா, அங்கே போய்க் குடியேறு!" என்பது அவர்கள் உபதேசம். எல்லோருக்கும் இலவசப் படிப்பு என்ற பெருமை வேறு!

மார்க்கை ஒப்பிடும் இந்த மேதாவிகள் மடிசீலையை ஒப்பிடுவதில்லை. நாம் ஒப்பிடுவோம், தோழர்களே!

டெக்சாஸ் மாநிலம், சான் அன்டோனியோ நகரம். ஒரு பக்கம் எட்ஜ்வுட், மெக்சிகோ வம்சத்துத் தொழிலாளர் வாழும் பேட்டை. இன்னொரு பக்கம் அலாமோ ஹைட்ஸ், சீமான்களின் புறநகர். அந்நாட்டில் பள்ளிச் செலவின் கணிசமான பங்கு அந்தந்த வட்டாரத்துக்குள் வசூலாகும் சொத்து வரியிலிருந்து வருகிறது. மாளிகைகள் இருந்தால் பெட்டி நிரம்பும். சின்ன வீடுகள் இருந்தால் பெட்டியின் அடி தெரியும்.

1967-68ஆம் ஆண்டுக் கணக்கு இது. எட்ஜ்வுட்காரன் 100 டாலர் சொத்துக்கு 1 டாலர் 5 சென்ட் வரி கட்டினான். அலாமோ ஹைட்ஸ் சீமான் கட்டியது 85 சென்ட். கூடுதல் விகிதத்தில் கட்டியவன் ஏழை! பலன்? எட்ஜ்வுட்டில் பிள்ளை ஒன்றுக்கு 26 டாலர் தேறியது. அலாமோ ஹைட்ஸில் 333. மாநில சர்க்காராவது இந்தப் பள்ளத்தை நிரப்பியதா? எட்ஜ்வுட் பிள்ளைக்கு 222 டாலர் கொடுத்தது; அலாமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 225! பார்த்தீர்களா வேடிக்கையை? மத்திய சர்க்கார் பணத்தையும் சேர்த்தால், அங்கே 594, இங்கே 356.

ஏழைக்குப் படிப்பில் அக்கறையில்லை என்று பழி சொல்கிறவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லட்டும்!

1968 மே மாதம் எட்ஜ்வுட் மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறி ஊர்வலம் போனார்கள். ஜன்னல்கள் உடைந்து கிடக்கின்றன, தகுதி பெற்ற ஆசிரியர்கள் போதவில்லை என்பது அவர்கள் முறையீடு. அவ்வாண்டே டிமெட்ரியோ ராட்ரிகஸ் என்ற தகட்டு வேலைத் தொழிலாளியும் மற்றப் பெற்றோரும் கோர்ட்டுக்குப் போனார்கள். 1971இல் கீழ்க் கோர்ட்டில் ஜெயம். 1973 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அதைக் கவிழ்த்தது. கல்வி என்பது அரசியல் சட்டம் உறுதி செய்த உரிமை அல்லவாம்! தீர்ப்பை எழுதிய லூயிஸ் பவல் யார்? பெரிய கம்பெனிகளின் வக்கீலாக இருந்தவர். நீதிபதியாகும் முன், அதே 1971இல், தங்களை எதிர்ப்பவர்களை முதலாளிகள் ஒன்றுதிரண்டு எப்படிச் சமாளிப்பது என்று வர்த்தக சபைக்கு யோசனை எழுதிக் கொடுத்தவர். அவரிடம் போய் நின்றது தகட்டுத் தொழிலாளியின் வழக்கு!

ஜனங்கள் விடவில்லை. 1984இல் மாநிலக் கோர்ட்டில் மறுபடி வழக்கு. 1989இல் டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும், இந்த ஏற்பாடு மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார்கள். 1993இல், பணக்கார வட்டாரத்து வரியில் ஒரு பகுதியை மற்ற வட்டாரங்களுக்குத் திருப்பிவிடும் சட்டம் வந்தது. உடனே எழுந்தது கூக்குரல்! பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்ததாகக் கதையில் வரும் ராபின் ஹூட் என்ற கொள்ளைக்காரனின் பெயரை அந்தச் சட்டத்துக்குச் சூட்டினார்கள். எட்ஜ்வுட் ஏழையிடம் கூடுதல் விகிதத்தில் வரி வாங்கி, அவன் பிள்ளைக்கு 26 டாலரை விட்டுவைத்த காலத்தில், எந்தக் கொள்ளைக்காரனின் பெயரும் அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை.