ஹந்தானை மலையில் ஓர் ஆற்றுப்படை

"ஐம்பது வயதைக் கடந்த பண்டிதருக்கு ஞாயிறுதோறும் மலையேறும் வேலை எதற்கு?" என்று அன்பர் ஒருவர் அண்மையில் என்னை வினவினார். வாரம் ஐந்து நாளும் வகுப்பறையில் நின்று கற்பிப்பவன் ஆறாம் நாள் விடைத்தாள் திருத்தி, ஏழாம் நாளேனும் வீட்டில் கால் நீட்டி இருத்தலாகாதா என்பது அவர் கவலை. அவருக்கு அன்று சொன்ன விடை எனக்கே நிறைவு தரவில்லை. ஆதலின் இங்கே சற்று விரித்துச் சொல்ல விழைகின்றேன்.

நாங்கள் எட்டுப் பேர். ஆசிரியர் சிலர், மாணவர் சிலர், ஓய்வு பெற்ற எழுதுவினைஞர் ஒருவர். ஞாயிறு காலை கண்டி வாவிக்கரையில் ஒன்றுகூடி, அன்றைய வழியை அங்கேயே முடிவு செய்து புறப்படுவோம். ஒரு வாரம் உடவத்தைக் காட்டின் நிழல். ஒரு வாரம் எம்பெக்கே, இலங்காதிலகம், கடலாதெனியா என்னும் மூன்று கோயில்களையும் இணைக்கும் வயல்வழி. இலங்காதிலகத்துப் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு உண்டு. 1344 ஆம் ஆண்டு எழுந்த கடலாதெனியாவைக் கட்டிய சிற்பியின் பெயர் கணேசுவராசாரியார். இவற்றை நூலிற் படித்த மாணவன், வரப்பின்மேல் நடந்து வந்து அப்பாறையின் முன்னே நிற்கும்பொழுது அடையும் வியப்பை எந்தப் பாடநூலும் அவனுக்கு அளித்ததில்லை. மருதம் என்னும் சொல்லுக்கு அன்றுதான் அவன் பொருள் கண்டான் என்பேன்.

கூட்டமாக நடப்பதும் வழியிலே உண்பதும் மேல்நாட்டார் வழக்கம் என்று கருதுவோர் உளர். இங்கிலாந்தில் வார இறுதியிற் குழுவாகப் புறப்பட்டு, வயல்வெளியும் கடற்கரையும் நடந்து, நண்பகலில் சிற்றூர் மதுக்கடையொன்றில் உணவருந்தி மீளும் கழகங்கள் பல உள்ளமை உண்மையே. ஆயினும் இதனை நாம் அவர்களிடம் கற்கவேண்டியதில்லை. பத்துப்பாட்டினுள் ஐந்து ஆற்றுப்படை. கூத்தரும் பாணரும் பொருநரும் சுற்றத்தோடு நடந்தவர்களே. சிறுபாணாற்றுப்படை காட்டும் வழியை நினைந்து பாருங்கள். முதலிற் கடற்கரையூராகிய எயிற்பட்டினம். அங்கே நுளையர் வீட்டுத் தேறலும் சுட்ட மீனும். அடுத்து வேலூர், அங்கே எயினர் தரும் புளிச்சோறும் சுட்ட இறைச்சியும். அதன்பின் ஆமூர், அங்கே உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும். நெய்தலும் காடும் வயலும் கடந்து, சென்ற இடமெல்லாம் அவ்வந்நிலத்து உணவை அவ்வந்நிலத்தார் கையால் உண்டு செல்லும் நடை அது. எங்கள் குழுவிற்குத் தேநீரே தேறல் என்பதொன்றுதான் வேறுபாடு.

இவ்வாறு பெருமிதத்தோடு எண்ணிக்கொண்டிருந்த என்னை ஒரு தாயார் திருத்தினார்.

ஹந்தானையில் தேயிலை நூதனசாலையருகே தொடங்கிக் கலஹா, லூல்கந்துர வழியாகச் சென்று நுவரெலியாவில் முடியும் நெடுநடைப்பாதையொன்று 2020களில் உருவாகியுள்ளது. 'பீக்கோ' பாதை எனப்படும் இது இருபத்திரண்டு பகுதிகளாக, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் நீள்வது. அயல்நாட்டார் பலர் அதனை நாடி வருகின்றனர். நாங்களும் அதன் முதற்பகுதியில் ஒருநாள் நடந்தோம். நண்பகலில் லயன் வரிசையொன்றின் ஓரத்தே ஒரு சிறு கடை கண்டோம். தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் பிளேன்டீயும் தந்த அந்த அம்மையார், "எங்கய்யா போறீங்க?" என்றார்.

"சும்மா நடந்து வந்தோம், அம்மா" என்றேன்.

அவர் சிரித்தார். "சும்மாவா? இந்த ரோட்டுல ஒரு பஸ்ஸு வராதான்னு நாங்க எத்தனையோ வருசமாப் பாத்துக்கிட்டு இருக்கோம். நீங்க பஸ்ஸ விட்டுட்டு நடந்து வந்தோம்கிறீங்களே!"

அச்சிரிப்பிலே பகையில்லை, ஆயினும் எனக்கு ரொட்டி தொண்டையில் நின்றது. மழையானாலும் வெயிலானாலும் பள்ளிக்குப் பிள்ளைகள் நடக்கும் வழி அது. கொழுந்துக் கூடையோடு பெண்கள் ஏறி இறங்கும் வழி அது. எங்களுக்கு இன்பமாய் இருந்த ஏற்றம் அவர்களுக்கு நாள்தோறும் செலுத்தும் வரி. இரண்டாம் முறை அவர் ஊற்றித் தந்த தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மலையகத்தில் நடை என்னும் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. கோப்பிக்காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே நடந்து மாத்தளையை அடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவர்களுக்கு முன்னரே, 1660 இல் சிறைப்பட்டுக் கண்டி நாட்டிலே பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்த ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், சிறு வணிகர்போல் ஊரூராய் நடந்து வழியறிந்து, 1679 இல் வடமேற்குக் கரையிலுள்ள அரிப்புக் கோட்டையை அடைந்து தப்பினார். அவர் விடுதலை நாடிச் சென்ற திசையிலிருந்துதான் பின்னர் நம்மவர் பிழைப்பு நாடி வந்தனர். 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டதை வழிகாட்டி நூல்கள் எழுதுகின்றன. மலையைத் திருத்திப் பாதை வெட்டிய கைகளுக்குரிய பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

இன்று நாம் தடையின்றி நடக்கும் இத்தோட்டங்களுக்குள் ஒரு காலத்தில் அயலார் நுழைய முடியாது. துரையின் இசைவின்றிக் கால் வைத்தால் அத்துமீறல் என்பார்கள். தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டத்துள் நுழையும் உரிமைக்கென ஒரு சட்டம் 1970 இல்தான் வந்தது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டப் பக்கத்து முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். இங்கிலாந்திலும் நடக்கும் உரிமை எளிதில் வந்ததன்று. 1932 ஏப்ரலில் ஏறத்தாழ நானூறு பேர், நிலவுடைமையாளர் அடைத்து வைத்த கிண்டர் மலைமேல் தடைமீறி ஏறினர். சிலர் சிறை சென்றனர். அங்கே அவர்கள் பெற்றது நடந்து மகிழும் உரிமை. இங்கே கோவிந்தன் வேண்டியது மானத்தோடு வாழும் உரிமை. பாதையொன்றில் நடப்பவன் அதன் விலையை அறிந்து நடத்தல் வேண்டும்.

அறிந்து நடந்தோர் உளர். மலையகத் தமிழரின் இருநூறாம் ஆண்டு நினைவாக 2023 ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் ஒரு கூட்டத்தார் தலைமன்னாரிற் புறப்பட்டு, முன்னோர் வந்த வழியே நடந்து, ஆகஸ்ட் மாதத்தில் மாத்தளையை அடைந்தனர். வழியிலுள்ள ஊரார் அவர்களை வரவேற்றனர். நம் காலத்தில் நிகழ்ந்த மெய்யான ஆற்றுப்படை அதுவே என்பது என் துணிபு.

அப்படியானால் இன்பத்திற்காக நடப்பதை விட்டுவிடுவதா என்று என் மாணவன் கேட்டான். விடவேண்டாம் என்றேன். ஆற்றுப்படையின் இலக்கணத்தை நோக்குக. பரிசில் பெற்றவன், பெறாதவனுக்கு வழி சொல்கின்றான்; வள்ளலின் ஊரையும் பெயரையும் அவன் மறைப்பதில்லை. உண்ட சோற்றுக்கு அவன் கொடுத்த கைம்மாறு பாட்டு. அன்று ஹந்தானைச் சரிவில் வள்ளலாய் இருந்தவர் அந்தத் தாயார். பாணராய் இருந்தவர் நாங்கள். நாங்கள் கொடுத்த பாட்டு எது? நெகிழிப் பொதிகளில் நகரத்துச் சோற்றைக் கட்டிக்கொண்டு வந்து, உண்ட பொதியை ஓடையில் எறிந்துவிட்டு, நிழற்படத்தோடு திரும்பும் கூட்டத்தாரைக் காணும்போதெல்லாம் இவ்வினா என்னை உறுத்துகின்றது.

ஆகவே எங்கள் குழுவில் மூன்று நெறிகள் வகுத்துக்கொண்டோம். நண்பகல் உணவை நகரத்திலிருந்து கொண்டு செல்வதில்லை. வழியிலுள்ள கடையில், அங்கே கிடைப்பதை, விலை கொடுத்து உண்போம். காணும் ஓடை, மேடு, தோட்டத்துப் பிரிவு ஆகியவற்றின் பெயர்களை அங்குள்ளோரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வோம். மூன்றாவதே முதன்மையானது: வழியிற் கண்ட குறையை வழியோடு விட்டு வருவதில்லை. பேருந்து இல்லாத பாதையைப் பற்றி எங்கள் எழுதுவினைஞர் விண்ணப்பமொன்று வரைந்தார். அதிற் கையொப்பமிட்டோர் கடைத் தாயாரும் அவ்வூராரும் நாங்கள் எட்டுப் பேரும். பேருந்து இன்னும் வரவில்லை. எழுதுவதை நாங்களும் நிறுத்தவில்லை.

உள்ளூரார் சொற்கேட்டல் இன்பத்திற்கு மட்டும் உரியதன்று, உயிருக்கும் காவல். மலைபடுகடாம் வழுக்குப் பாறையையும் விலங்குப் பொறியையும் கானவர் எறியும் கவண் கல்லையும் எச்சரித்தே கூத்தரை மலைமேல் விடுக்கின்றது. 2025 நவம்பர்ப் புயலில் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டமை நாம் அறிந்தது. எந்தச் சரிவு நனைந்தால் இளகும் என்பதை வரைபடத்தைக் காட்டிலும் அங்கே வாழ்பவர் நன்கறிவர். அவர்கள் போகாதே என்ற நாளிற் போகாதிருத்தலே அறிவுடைமை.

தமிழாசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். குறிஞ்சித் திணையின் முதலும் கருவும் உரியும் நம் மாணவர் மனப்பாடமாய் ஒப்பிப்பர். ஆனால் பள்ளிக்கு மூன்று மைல் அப்பாலுள்ள மலைமேல் யார் வாழ்கின்றார் என்று கேட்டால் விழிப்பர். மாதத்திற்கு ஒரு ஞாயிறேனும் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். லயத்துப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பின் அவர்களையே வழிகாட்டிகளாக முன்னே விடுங்கள். வகுப்பிற் கடைசி வாங்கில் ஒடுங்கி இருப்பவன், தன் மலைமேல் எத்துணை நிமிர்ந்து நடக்கின்றான் என்பதை ஒருமுறை கண்டால் நீங்களும் ஞாயிற்றுக்கிழமையை வீட்டிற் கழிக்க மாட்டீர்கள்.

என்னை வினவிய அன்பருக்கும் இதுவே விடை. அடுத்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வாவிக்கரையில் நிற்போம். அவரும் வரலாம், சோற்றுப் பொதி மட்டும் வேண்டாம்.