யாருக்குச் சொல்லிக் கொடுப்பது?

டிஸ்சார்ஜ் நாளில் வார்டிலேயே அதிகம் ஓடுகிறவர் நோயாளியின் மகன்தான். பில், இன்சூரன்ஸ், மருந்துக் கவுன்ட்டர், ஆம்புலன்ஸ் என்று மாடிக்கும் கீழுக்குமாக அலைந்துகொண்டிருப்பார். அந்த ஓட்டத்தில் அவரைப் பிடித்து நிறுத்தித்தான் செவிலியர் சொல்கிறார்: மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுவது எப்படி, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், யூரின் பேக்கை எங்கே மாட்ட வேண்டும். "சரிங்க சிஸ்டர்" என்று அவரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அன்று ராத்திரி பாரிவாக்கத்து வீட்டில் அந்தக் குழாயைக் கையில் எடுக்கப்போகிறவர் அவருடைய மனைவி. பாடம் நடந்த நேரத்தில் அவர் வீட்டில் கட்டிலை நகர்த்தி, மாமனாருக்கு இடம் ஒழித்துக்கொண்டிருந்தார்.

பூந்தமல்லி–ஆவடி சாலையை ஒட்டிய எங்கள் ஊர்களில் இந்தக் காட்சி புதிதல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் உழைத்து ஓய்வுபெற்றவர்கள் இங்கே நிறைய. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பல வருஷம் உடம்பில் இருந்துவிட்டு, ஒரு நாள் பக்கவாதமாக வெளியே வரும். போரூரிலும் தண்டலத்திலும் பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. உயிரைக் காப்பாற்றிவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து நாளில் வீட்டுக்கும் அனுப்பிவிடுகிறார்கள். அதற்கப்புறம் மாதக்கணக்கில் நீளும் வைத்தியம் வீட்டுப் பெண்ணின் கையில்தான் இருக்கிறது. அந்தக் கைக்கு யார் எப்போது கற்றுத்தருகிறார்கள் என்பதைத்தான் நான் பெரிய கேள்வியாக நினைக்கிறேன்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. வீடு தேடி மாத்திரை வருவதையே எல்லோரும் பேசுகிறார்கள். அதே திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளரும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் வீட்டுக்கு வருகிறார்கள். அப்படி ஒரு செவிலியர் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஐயாவை யாரும்மா பார்த்துக்கிறீங்க?" மாமியார் சமையலறையைக் காட்டினார். "அவங்களைக் கூப்பிடுங்க" என்றார் செவிலியர். மருமகள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

செவிலியர் சிரிஞ்சைத் தொடவில்லை. "நீங்க செய்யுங்கம்மா, நான் பார்க்கிறேன்." மருமகள் கஞ்சியை நிரப்பிப் பிஸ்டனை அழுத்தப் போனார். செவிலியர் மெல்ல அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அழுத்தக் கூடாது. பிஸ்டனை எடுத்துட்டு உயரமாத் தூக்கிப் பிடிங்க, அதுவே இறங்கும்." பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஊற்றுவதற்கு முன் தலைப்பக்கத்தைத் தலையணை வைத்து உயர்த்த வேண்டும். குழாயில் மூக்கருகே போட்டிருக்கும் குறி அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். முடிந்த பிறகு அரை மணி நேரமாவது படுக்கவைக்கக் கூடாது. எல்லாம் சொன்ன பிறகு ஒரு கேள்வி: "நடுவுல ஐயாவுக்கு இருமல் வந்தா என்ன செய்வீங்க?" மருமகள் யோசித்து, "ஊத்துறதை நிறுத்திடுவேன், மூச்சு எப்படி இருக்குன்னு பார்ப்பேன்" என்றார். அந்தப் பதிலை வாங்கும் வரை செவிலியர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் யாரும் "புரியலை" என்று சொல்வதில்லை. வெள்ளை உடுப்புக்கு முன்னால் நம்மவர்களுக்கு அப்படி ஒரு கூச்சம். செய்துகாட்டச் சொன்னால்தான் எது புரியவில்லை என்பது தெரியவரும்.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் பாட்டில், மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தும் கடையில் உண்டு, அதன் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 40 பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சை வாங்கி வந்து 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 8 யூனிட்தான். நேர்மாறாக நடந்தால் இன்னும் ஆபத்து: 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட் ஏறிவிடும், சர்க்கரை தாழ்ந்து ஆள் மயங்கிவிடுவார். "காலையில் 20 யூனிட்" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த தாள் இதைத் தடுக்காது. பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்து நிறம் பார்க்கப் பழக்கிய செவிலியர் தடுப்பார்.

வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் திரவப் பை வீட்டுக்கே வருகிறது. ஒரு நாளில் மூன்று நான்கு தடவை திரவத்தை மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் கை கழுவி, மாஸ்க் போட்டு, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்த வேண்டும். சித்திரை வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, விசிறியை நிறுத்திவிட்டு உட்காருவது லேசான காரியமில்லை. ஏன் நிறுத்த வேண்டும், தூசி வழியாகக் கிருமி எப்படி உள்ளே போகும், வெளியே வரும் நீர் கலங்கலாக இருந்தால் ஏன் உடனே கூப்பிட வேண்டும் என்று காரணத்தோடு சொல்லிக் கொடுத்தால்தான் அந்தப் புழுக்கத்தை ஒருவர் பொறுத்துக்கொள்வார்.

வீட்டாரை வைத்தியத்தில் சேர்த்துக்கொள்ளும் யோசனை நம் மண்ணுக்குப் புதிதில்லை. வேலூர் சிஎம்சி, 1957-இல் தொடங்கிய தன் மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தில் ஒருவரும் தங்கவேண்டும் என்று விதி வைத்தது. கூடத் தங்குகிறவருக்கும் அங்கே கற்றுத்தந்தார்கள். செவிலியம் பற்றி பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய புகழ்பெற்ற நூலும் வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் சாதாரணப் பெண்களை மனத்தில் வைத்து எழுதியதுதான்.

வார்டில் இருக்கும் செவிலியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஆள் ஒரு வார்டு முழுவதற்கும் ஊசி போட்டு, டிரிப் மாற்றி, கேஸ் ஷீட்டும் எழுதுகிறார். இதில் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு மருமகளுக்குக் குழாய் பிடிக்கக் கற்றுத்தர அவருக்கு நேரம் ஏது? ஊசி போடுவது வேலைக்கணக்கில் வருகிறது. கற்றுத்தரும் அந்த அரை மணியும் வரவேண்டும். அதற்கு ஆள் போட வேண்டும்.

டிஸ்சார்ஜ் தேதி சொன்ன அன்றே, வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு வார்டுக்குள் பாஸ் கொடுங்கள். இரண்டு நாள் முன்பாகவே வந்து, செவிலியர் பார்த்திருக்க, தன் கையால் செய்து பழகட்டும். கூடவே மகனையும் கட்டிலருகே கூப்பிடுங்கள். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும்கூட. பெரிய உடம்பை இழுக்காமல் புரட்டப் போர்வையின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆள் யார் என்று கேட்டு, அவர் பெயரையும் டிஸ்சார்ஜ் தாளில் எழுதுங்கள்.